பணம் எங்கே நிற்கிறது? வீட்டிலிருந்தே வங்கிக் கணக்கைப் பார்ப்பவர்களுக்கு, கோளாறு வாரியாக

மோசடியில் பணம் போயிருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மீதியைக் கடைசிப் பகுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு முதல் வேண்டுகோள் இது: ஆப் சிக்கிக்கொண்டால் உடனே மறுபடியும் அனுப்பாதீர்கள். சின்னக் கோளாறு இரட்டைக் கழிவாக மாறுவது அந்த இரண்டாவது தட்டலில்தான். கணக்கிலிருந்து கழிந்த பணம் காற்றில் கரைவதில்லை. உங்கள் வங்கியிலோ, எதிர்த்தரப்பு வங்கியிலோ, இரண்டுக்கும் நடுவிலோ எங்கேயாவது நின்றுகொண்டிருக்கும். எங்கே நிற்கிறது என்று பிடிபட்டுவிட்டால், எத்தனை நாள் பொறுப்பது, யாரைக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும். சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டில் உட்கார்ந்து போனில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறுகள் கீழே இருக்கின்றன. உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போங்கள்.

கணக்கில் கழிந்துவிட்டது, அவர்களுக்குப் போகவில்லை

அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து நிலையைப் பாருங்கள். தோல்வி, நிலுவை, வெற்றி என்று மூன்றில் ஒன்று இருக்கும். அதன் கீழே 12 இலக்க எண் ஒன்று இருக்கும். சில ஆப்களில் அதற்கு யுடிஆர் என்று பெயர், சிலவற்றில் யுபிஐ ரெஃபரன்ஸ். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு, அந்த எண்ணைக் காப்பி செய்து தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வங்கியில் யாரிடம் பேசினாலும் முதலில் கேட்பது அதைத்தான். அதன் முதல் இலக்கம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5032 என்று தொடங்கினால் 2025-ன் 32-வது நாள், அதாவது பிப்ரவரி 1. ஒரே தொகையை இரண்டு நாள் அனுப்பியவர்கள் எந்த எண் எந்த நாளுக்கு என்று பிரிக்க இது கைகொடுக்கும்.

நிலுவை என்று இருந்தால் ஆப்பைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதால் பயன் இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு விதித்திருக்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பிய யுபிஐ பணம் என்றால், அனுப்பிய நாளுக்கு மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கு ஸ்கேன் செய்து கொடுத்த பணம் என்றால் 5 நாள். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்கள் கணக்கில் ஏற வேண்டும். அதை நீங்கள் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாததால், ஏறாவிட்டாலும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆகவே, கல்லூரி விடுதியில் இருக்கும் மகனுக்கு அனுப்பியது நின்றுவிட்டால் ஒரு நாள் பொறுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கிய கடைக்காரர் “பணம் வரலைங்க” என்றால், அவர் கண்முன்னே நிலுவை என்ற திரையைக் காட்டி வேறு வழியில் கொடுத்துவிட்டு, முதல் தொகைக்கு 5 நாள் எண்ணுங்கள். முதல் பணமும் அவருக்கே போய்விட்டால் திருப்பித் தர அவரிடமே கேட்க வேண்டியிருக்கும். அதனால் கடையின் போன் எண்ணையும் வாங்கிக்கொள்வது நல்லது.

வெற்றி என்று காட்டியும் “வரவில்லை” என்கிறார்களா? பெரும்பாலும் பணம் வந்திருக்கும், அவர்கள் பார்க்காத கணக்கில். ஒரே போன் எண்ணில் இரண்டு மூன்று வங்கிக் கணக்கு இருந்தால், எண்ணுக்கு அனுப்பும் பணம் அவர்கள் முதன்மைக் கணக்காக வைத்திருப்பதில்தான் ஏறும். எஸ்எம்எஸ் வராததை வைத்து முடிவு கட்ட வேண்டாம். எல்லாக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி இப்படி இருக்கும்: முதலில் யுபிஐ, பிறகு வரவுக்கு சிஆர், கழிவுக்கு டிஆர், அடுத்து அதே 12 இலக்க எண், பிறகு பெயரின் முதல் சில எழுத்துகள், எதிர்த்தரப்பு வங்கியின் நான்கெழுத்துக் குறி. நீங்கள் கொடுத்த எண் அவர்கள் ஸ்டேட்மென்ட்டில் சிஆர் வரியில் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

நெஃப்ட் மூலம், அதாவது கணக்கு எண் போட்டு வங்கிக்கு வங்கி அனுப்பும் முறையில் அனுப்பியது என்றால் கணக்கு வேறு. அது 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் எல்லா நாளும் ஓடுகிறது, ஆனால் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக. தொகுப்பு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும், இல்லையேல் திருப்ப வேண்டும். நிலம், நகை போன்ற பெரிய தொகை அனுப்பும் முன் பெயர் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆன்லைன் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும், கணக்கு எண்ணைப் போட்டதும் கணக்குக்காரர் பெயரைக் காட்ட வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி.

கெடு தாண்டியும் வரவில்லை என்றால் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்குள்ளேயே புகார் பதியுங்கள், பிறகு உங்கள் வங்கியில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448. வங்கியில் பதியாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓடிபி வரவே இல்லை, வந்தாலும் தவறு என்கிறது

“தவறு” என்று சொன்னால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இரண்டு முறை கேட்டிருப்பீர்கள், முதலில் கேட்டது தாமதமாக வந்திருக்கும், அதைப் போட்டிருப்பீர்கள். கடைசியாகக் கேட்டது மட்டும்தான் செல்லும். கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள்.

ஏற்காட்டில் இது இன்னும் கூடுதல். வீட்டில் வைஃபை நன்றாக ஓடும், ஆப் திறக்கும், ஆனால் ஓடிபி சிம்மின் டவரை நம்பி இருக்கிறது. நாகலூர், வெள்ளக்கடை பக்கம் காபித் தோட்டத்துக்கு நடுவில் சிக்னல் ஒரு கட்டைதான் வரும், அதுவும் சில இடங்களில் ஜன்னல் ஓரம் மட்டும். ஃபிளைட் மோடை 10 விநாடி போட்டு எடுத்தால் தேங்கி நின்ற எஸ்எம்எஸ் மொத்தமாக வந்து விழும். வண்டியில் மலை ஏறி இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே பணப் பரிவர்த்தனை செய்யவே வேண்டாம். பாதியில் அறுந்தால் முதல் பகுதியில் சொன்ன நிலுவையில் போய் நிற்கும்.

சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது. சிம் மாற்றித் திருடுபவர்களைத் தடுக்க வைத்த விதி அது. போனில் கோளாறு இல்லை. டியூ கட்டும் நாளுக்கு முந்தைய நாள் சிம் மாற்றாதீர்கள். வங்கியில் பதிந்த எண்ணே பழையது என்றால் பெரும்பாலும் வீட்டிலிருந்து ஆகாது; பாஸ்புக், ஆதாரோடு கிளைக்குப் போய் மாற்ற வேண்டும்.

புதுப் போனில் “எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை” என்கிறது

யுபிஐ ஆப் முதன்முறை உங்கள் சிம்மிலிருந்து தானாக ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். அது போகாவிட்டால் இந்தச் செய்தி வரும். ரீசார்ஜ் காலம் முடிந்துபோன சிம்மில் சில நாள் அழைப்பு வரும், ஆனால் எஸ்எம்எஸ் போகாது. அப்பா அம்மாவின் போனில் பெரும்பாலும் இதுதான். வேறு யாருக்காவது ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். அது போனால் ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருக்கிறதா, இரண்டு சிம் இருந்தால் வங்கியில் பதிந்த சிம்மைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். சரிபார்க்கும் அந்த ஒரு நிமிடம் வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் இருப்பது உத்தமம்.

சரியான பின்னும் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. போனை மாற்றிய அன்றே பள்ளிக் கட்டணம் கட்டப் பார்த்து முட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

ஆப் திறந்த உடனே “இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல” என்று மூடிக்கொண்டால், போனின் டெவலப்பர் ஆப்ஷன், திரை பகிரும் ஆப், விபிஎன் மூன்றையும் அணைத்துவிட்டு, தேதி நேரத்தைத் தானியங்கியில் வையுங்கள். யாரோ “உதவி செய்கிறேன்” என்று ஏற்றிவிட்ட திரை பகிரும் ஆப் உள்ளே இருந்தால், அதை நீக்கிவிட்டு பின் எண்ணையும் மாற்றுங்கள்.

இன்டர்நெட் இல்லாத இடம்

வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# அழுத்தினால் மெனு வரும், டேட்டா தேவையில்லை. ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை. ஆனால் எல்லா சிம்மிலும் இது கிடைப்பதில்லை, ஆகவே தேவை வரும் முன்பே ஒருமுறை முயன்று பாருங்கள். நெட் மந்தமாக இருக்கும் இடத்தில் டீக்கடை, பஸ் செலவுக்கு யுபிஐ லைட் போதும்: ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை, உள்ளே வைக்கும் தொகை 5,000 வரை, பின் எண் கேட்காது. பின் கேட்காததாலேயே போனைப் பூட்டி வையுங்கள்.

கேட்காமலே ஏதோ கழிந்திருக்கிறது

தொகையைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடிக்கலாம். மே மாதக் கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் 436 ரூபாய் கழிந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் என்றால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. கணக்குத் தொடங்கும்போது எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இரண்டும் தலா 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு, வேண்டாம் என்றால் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் நிறுத்தும் முன் யோசியுங்கள். வீட்டில் வேறு காப்பீடு இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய தொகை. குடும்பத்தாருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், ஆள் போன பின் கேட்காமலே விட்டுப்போகும் வீடுகள் இருக்கின்றன. பாஸ்புக்கின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வையுங்கள், நாமினி பெயரோடு.

18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்ந்த தொகை என்றால் ஏடிஎம் கார்டின் ஆண்டுக் கட்டணமோ, மினிமம் பேலன்ஸ் அபராதமோ இருக்கும். ஸ்டேட்மென்ட்டில் ரிட்டர்ன் என்ற சொல்லோடு வந்திருந்தால், கடன் தவணை திரும்பிப் போயிருக்கிறது. இதில் இரண்டு பக்கமும் அடி: உங்கள் வங்கியும் கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்தவரும் அபராதம் போடுவார், கிரெடிட் ஸ்கோரும் இறங்கும். முன்பெல்லாம் டியூ தேதி ஞாயிறில் வந்தால் திங்கள் காலை பணம் போட்டுக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 1 முதல் அப்படி இல்லை. தானியங்கிப் பற்று ஞாயிறும் விடுமுறை நாளும் ஓடும். 5-ம் தேதி டியூ என்றால் 4-ம் தேதி இரவே கணக்கில் இருக்க வேண்டும்.

ஓடிடி, ஆப் சந்தா போன்றவை என்றால் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறங்கள். அங்கே உயிரோடு இருக்கும் எல்லா அனுமதியும் தெரியும், அங்கேயே நிறுத்தலாம். ஆப்பை போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது.

பெயர் பொருந்தவில்லை என்கிறது

நம் ஊரில் அதிக நாள் இழுக்கும் கோளாறு இதுதான். காரணம் நம் இனிஷியல். இரண்டு பெயர் போடச் சொல்லும் படிவங்களுக்கும், ஒற்றைப் பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும் கொண்ட நமக்கும் ஒத்துப்போவதில்லை.

செல்வி என்று ஒருவர், அப்பா மாரிமுத்து, கணவர் கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எம். செல்வி. பான் கார்டில் கடைசிப் பெயருக்கு இனிஷியல் போட விடுவதில்லை, ஆகவே செல்வி மாரிமுத்து. கல்யாணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் ஜி. செல்வி. வங்கியில் செல்வி ஜி. நான்கும் ஒரே பெண்தான் என்று கிளையில் உள்ளவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. விளைவு: பான், ஆதார் இணைப்பு தோல்வி, வருமான வரி ரீஃபண்ட் திரும்பிப் போகும், பிஎஃப் பணம் எடுக்கும்போது நிராகரிப்பு. இணைக்காத பான் செயலிழந்தால் வைப்பு வட்டியில் வரியை 20 சதவீதமாகப் பிடிப்பார்கள்.

எதை மாற்றுவது? எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நினைத்து இன்று ஆதார், நாளை பான் என்று அலையாதீர்கள். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரு முறை. ஆகவே ஆதாரில் உண்மையான பிழை இல்லை என்றால் அதைத் தொடாமல், பானையும் வங்கியையும் பிஎஃப்பையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரே தவறு என்றால் முதலில் அது, பிறகுதான் மற்றவை. ஆதாருக்குப் போகும்போது இனிஷியலைப் புள்ளியோடு விடாமல் முழுப்பெயராக விரித்து எழுதச் சொல்லுங்கள். பான் படிவம் கேட்பது அதைத்தான், இரண்டும் அப்போதுதான் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். அச்சடித்த ஒப்புகைச் சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலை அங்கேயே நின்று படியுங்கள். முருகேசனுக்கு ஏ ஒன்றா இரண்டா, இ ஒன்றா இரண்டா என்பதில்தான் அடுத்த மூன்று மாத அலைச்சல் இருக்கிறது. பிறந்த தேதியும் பாலினமும் பொருந்த வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்; பெயர் சரியாக இருந்தும் இணைப்பு தோற்றால் காரணம் அங்கே இருக்கும்.

கேஸ் மானியம், நூறு நாள் சம்பளம் வேறு எங்கோ போகிறது

வங்கியில் ஆதார் கொடுத்திருப்பதும், மானியம் வரும் கணக்காக ஆதாரோடு பிணைத்திருப்பதும் ஒன்றல்ல. முதலாவது எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது ஒரே ஒரு வங்கியில்தான், கடைசியாகப் பிணைத்தது எதுவோ அதில். ஊரில் முகாம் போட்டுப் புதுக் கணக்குத் திறந்தவர்களுக்கு, அந்த நாளிலிருந்து பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும். மை ஆதார் தளத்தில் ஆதார் எண், ஓடிபி போட்டு நுழைந்து, வங்கி இணைப்பு நிலையைத் திறந்தால் எந்த வங்கி என்று காட்டும். தொலைந்ததாக நினைத்த பணத்தைப் பலர் அந்தக் கணக்கில் மொத்தமாகப் பார்க்கலாம். வேறு வங்கிக்கு மாற்ற, வேண்டிய வங்கியில் பிணைப்புப் படிவம் கொடுத்தால் போதும்.

இரண்டு ஆண்டு நீங்களாகப் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கு செயலற்றதாகிவிடும். வங்கி போடும் வட்டியை நீங்கள் செய்த பரிவர்த்தனையாக எண்ண மாட்டார்கள். உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. கேஒய்சி ஆவணம், அதாவது அடையாள, முகவரிச் சான்று கொடுத்தால் போதும்.

சொத்து வரி கட்டப் போனால் “பதிவு இல்லை”

பெரும்பாலும் தளம் தவறு. அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி மண்டலத்து வீடுகள் மாநகராட்சியைச் சேர்ந்தவை; நகர்ப்புற உள்ளாட்சித் தளத்தில் கட்ட வேண்டும். ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சி வீடுகளுக்கு அங்கே பதிவு இருக்காது. ஊராட்சி வரிக்கெனத் தனித் தளம் உள்ளது. நகர்ப்புறத்தில் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். கடைசி நாள் இரவு வேண்டாம். கழிந்த பணம் வரிக் கணக்கில் ஏறாமல் நின்றால் சலுகைக்காக மல்லுக்கட்ட வேண்டி வரும். ரசீது எண் வராமல் கழிந்தால் மறுபடி கட்டாமல், தளத்தில் ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டேன்

இது தானாகத் திரும்பாது. வங்கி நினைத்தாலும் வாங்கியவர் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது. உடனே வங்கியில் பதிந்து, எதிர்த்தரப்பு வங்கி வழியாக அவரைக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பின் போடும் முன் திரையில் வரும், வங்கியில் பதிந்துள்ள கணக்குக்காரர் பெயரைப் படியுங்கள். உங்கள் போனில் நீங்கள் பதிந்து வைத்த பெயரை நம்பாதீர்கள்.

ஏமாற்றிவிட்டார்கள்

1930. போனில் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பதியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்குவதுதான் நோக்கம், ஆகவே முதல் மணி நேரம் தங்கம். வெட்கப்பட்டு வீட்டில் மறைத்துக் காலையில் சொல்லலாம் என்று விடும் நேரத்தில்தான் பணம் கைமாறிப் போகிறது. ஏமாந்தவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை சொல்லவே மாட்டார். பிறகு வங்கியை அழைத்து கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங் மூன்றையும் முடக்கி, புகார் எண் வாங்குங்கள். சேலம் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உள்ளன. ஏற்காட்டுக்கு மாவட்டத்துக்கான நிலையம்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் புகுந்து எடுத்திருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பே இல்லை. 4 முதல் 7 நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் தாங்க வேண்டும். சொன்னதிலிருந்து 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும். ஓடிபியையோ பின்னையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கியிடம் சொல்லும் வரையிலான இழப்பு உங்களுடையது. சொன்ன பிறகு போனது வங்கியுடையது. ஏமாந்தது தெரிந்த பின்னும் தாமதிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

“இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்” என்று தனியார் எண்ணிலிருந்து வரும் செய்தி பொய். கரண்ட் பில் நிலுவையை மின் வாரியத் தளத்தில் சர்வீஸ் நம்பர் போட்டு நீங்களே பாருங்கள். பணம் வாங்க யுபிஐ பின் எண் எப்போதும் தேவையில்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். வங்கித் தளத்தின் முகவரி இப்போது பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும். இந்தியாவில் பதிவு பெற்ற வங்கிகளுக்கு மட்டுமே அந்த முகவரி கிடைக்கும். வேறு எதில் முடிந்தாலும் உங்கள் எண்ணைப் போடாதீர்கள்.

புகார் கொடுத்த பின் அந்த மோசடி எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் உரையாடல், அழைப்புப் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். அவர்கள் ஏற்றச் சொன்ன ஆப்பைப் படம் எடுத்துவிட்டு நீக்குங்கள். பின் எண்ணையும் நெட்பேங்கிங் கடவுச்சொல்லையும் மாற்றும்போது அந்தப் போனில் செய்யாமல், வீட்டில் உள்ள வேறொரு போனிலோ கிளையிலோ செய்யுங்கள்.